கடப்பா கல்லை வினிகர் எவ்வளவு வேகமாக அரிக்கிறது?

மும்பை செம்பூரில் எங்கள் வீட்டுச் சமையல் மேடை கடப்பா கல். கறுப்பாக இருப்பதால் கிரானைட் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அது சுண்ணாம்புக்கல். எலுமிச்சைச் சாறு சிந்திய இடம் பளபளப்பு போய் வெளுப்பது அதனால்தான். அமிலத்தின் செறிவு கூடினால் இந்த அரிப்பு எவ்வளவு வேகமாகிறது என்று அளக்க ஆசை வந்தது.

கல் அறுக்கும் கடையில், "அண்ணா, மிச்சத் துண்டு இருந்தா ஒரே அளவு சதுரமா வெட்டித் தாங்க" என்று கேட்டு வாங்கினேன். மேல்முகத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, மற்ற எல்லாப் பக்கமும் நெயில் பாலிஷ் பூசினேன். அமிலம் படும் பரப்பு மாறினால் வேகமும் மாறிவிடும், அப்புறம் செறிவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. வினிகர் 4 சதவீதம், பாதி நீர்த்தது 2, இன்னும் பாதி நீர்த்தது 1. ஒவ்வொரு கண்ணாடி டம்ளரிலும் 100 மில்லி. கல்லைக் கழுவிக் காயவைத்து, நகை எடைபோடும் சின்னத் தராசில் நிறுத்தேன்.

வினிகரில் போட்ட கல் எவ்வளவு எடை இழந்தது என்பதை, ஊறத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பார்த்துவிட வேண்டும். 100 மில்லி வினிகரில் உள்ள 4 கிராம் அசிட்டிக் அமிலம் சுமார் 3.3 கிராம் சுண்ணாம்புக்கல்லைத்தான் கரைக்கும். நேரம் போகப் போக அமிலமே தீர்ந்துகொண்டு வரும், வேகம் தானாக விழும்.

4 சதவீத டம்ளரில் முதலில் கல்லின் வெள்ளைக் கோடுகள்மேல் குமிழிகள் வரிசை கட்டின. கல்லைப் படுக்கவைத்தால் அவை மேலேயே ஒட்டிக்கொண்டு அமிலத்தைத் தடுக்கின்றன, அதனால் நிற்கவைத்தேன். போகப்போகச் சாம்பல் நிறச் சேறு படிந்தது. அது கல்லில் கலந்திருக்கும் கரையாத களிமண். பழைய டூத்பிரஷால் தேய்த்ததும் நுரை மறுபடி சுறுசுறுப்பானது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம், 1 சதவீத டம்ளரில் எடை இழப்பு, 4 சதவீதத்தோடு ஒப்பிட்டால், கால் பங்காகக் குறையவில்லை, பாதியை ஒட்டியே நின்றது. அசிட்டிக் அமிலம் வலுக்குறைந்த அமிலம். பாட்டில் செறிவில் நூற்றில் ஒரு மூலக்கூறுகூட, கல்லை அரிக்கும் ஹைட்ரஜன் அயனியை விடுவதில்லை. நீர்க்க நீர்க்க அந்த விகிதம் ஏறும். நாலில் ஒரு பங்காக நீர்த்தாலும் அயனிச் செறிவு ஏறக்குறைய பாதியாகத்தான் இறங்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் இப்படி இல்லை, முழுக்கப் பிரிந்துவிடும், நாலில் ஒன்றாக்கினால் அயனியும் நாலில் ஒன்றுதான். ஆனால் அந்த அமிலம் இருக்கும் பாத்ரூம் ஆசிட்டைச் சமையலறையில் திறக்கச் சொல்லமாட்டேன், புகை நெஞ்சை அடைக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க, மும்பையின் கருங்கல் ஜல்லி ஒன்றையும் வினிகரில் போட்டேன். அது பசால்ட் என்னும் எரிமலைப் பாறை, ஒரு குமிழிகூட இல்லை. இரண்டு கறுப்புக் கல்லையும் பிரித்தறிய இதைவிட எளிய வழி கிடையாது.

மளிகைக் கடையில் நிம்பு பூல் என்று கேட்டால் தரும் சிட்ரிக் அமிலத்தையும் கரைத்துப் பார்த்தேன். வேகமாகத் தொடங்கி மந்தமாகிவிட்டது. கரைய மறுக்கும் கால்சியம் சிட்ரேட் கல்மேல் படிந்து மூடிக்கொள்வதுதான் காரணமாக இருக்கும். செறிவைச் சோதிக்க வினிகர்தான் சரி.

அடுத்து, அதே 4 சதவீத வினிகரை ஃப்ரிட்ஜில் குளிரவைத்து வெப்பநிலையைப் பார்க்கப்போகிறேன். கல்லுக்கு நெயில் பாலிஷ் பூசி வைத்தாயிற்று.