டௌ செட்டியிலிருந்து காரைக்குடிக்கு

வேற்றுக்கிரகவாசி காரைக்குடியில் வந்து இறங்குகிறான், பார்ப்பதற்கெல்லாம் திருதிருவென்று விழிக்கிறான். பல கதைகள் இங்கேயே படுத்துவிடுகின்றன. ஒன்றும் தெரியாதவனை வைத்து இரண்டு பக்கத்துக்கு மேல் சிரிக்கவைக்க முடியாது. அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் தெரிந்ததெல்லாம் பழசாக இருக்க வேண்டும். எவ்வளவு பழசு என்று முதலில் கணக்குப் போட்டுவிடுங்கள்.

டௌ செட்டி என்ற விண்மீன் ஏறக்குறைய 12 ஒளியாண்டு தொலைவு. நம் டிவி சிக்னல் அங்கே போய்ச்சேர 12 ஆண்டு. ஒளியின் பாதி வேகத்தில் கப்பல் இங்கே வர 24 ஆண்டு. ஆக 36. கதை 2025-ல் நடந்தால், கிளம்பும்போது அவன் பார்த்த பூமி 1989. தூர்தர்ஷன் காலம். மெட்ராஸ் சென்னை ஆகவில்லை.

இதில் ஒரு ஓட்டை உண்டு. வழியில் ரிசீவரைத் திறந்துவைத்தால் மிச்ச 36 ஆண்டு ஒளிபரப்பையும் எதிரே வாங்கிக்கொண்டே வந்து, நம்மைவிட விவரமாக இறங்குவான். பயணம் முழுக்கத் தூங்கவையுங்கள். ஒரு வரி போதும்.

பேச்சும் இந்தக் கணக்கில்தான் வரும். மீடியம் வேவ் வானொலியை, காற்று மண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலம் பெரும்பாலும் வெளியே விடாது. டிவி அலை தாண்டிப் போகும். அதனால் அவன் பேசுவது செய்தி வாசிக்கும் தமிழ். முகப்புத் திண்ணையில் ஆச்சி கேட்கிறார்:

“எங்கேருந்து வர்றீக தம்பி?”

“டௌ செட்டியிலிருந்து வருகை தந்துள்ளேன்.”

“செட்டியா? எந்தக் கோயிலு? இளையாத்தங்குடியா, மாத்தூரா?”

ஆச்சி கேட்பதில் கேலி துளியும் கலக்கக் கூடாது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஒன்பது கோயிலில் எது என்று தெரிந்தால்தானே பங்காளியா, சம்பந்தம் பண்ணலாமா என்று தெரியும்! வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று ஒவ்வொன்றாகக் கேட்கட்டும். அவசரப்பட்டு வெட்டாதீர்கள்.

டீக்கடைக்கு நிறைய இடம் கொடுங்கள். டிவியில் பார்த்து வார்த்துக்கொண்டு வந்த நாலணாவை நீட்டுகிறான், காண்டாமிருகம் பொறித்தது. 2011 ஜூன் 30-ஓடு அது செல்லாமல் போனது அவனுக்குத் தெரியாது. கடைக்காரர் கல்லாவைத் தொடுவதே இல்லை. வருகிறவர்கள் போனைக் காட்டிவிட்டு நிற்கிறார்கள். மேசைமேல் இருக்கும் பெட்டி, “பத்து ரூபாய் பெறப்பட்டது” என்றதும் நகர்கிறார்கள். பெட்டிதான் முதலாளி என்று அவன் முடிவுகட்டுவதற்கு இவ்வளவு சாட்சி போதும். கைகட்டி நின்று பெட்டியிடம் கடன் சொல்கிறான்.

பணம் வந்தால் மட்டுமே அந்தப் பெட்டி பேசும், இதை மாற்றாதீர்கள். பின்னால் நிற்பவர் இரண்டு டீக்குப் பணம் போடட்டும். “இருபது ரூபாய் பெறப்பட்டது” என்கிறது பெட்டி. தனக்குத்தான் பதில் வந்தது என்று குனிந்து நன்றி சொல்லிவிட்டு, கிளாஸை எடுத்துக்கொண்டு போய் உட்காருகிறான்.