அந்தப் பெண்ணுக்கும் என் குரல்

திருநங்கையைப் பற்றிய கதை என்றால் கண்ணாடி முன் அழும் காட்சி பத்துப் பக்கத்துக்குள் வந்துவிடும். அடுத்து அப்பாவின் அடி, அறுவைச் சிகிச்சை, கடைசியில் சாவு அல்லது மன்னிப்பு. பொய் என்று சொல்லமாட்டேன். எனக்கும் அடி விழுந்திருக்கிறது. ஆனால் அந்தப் பக்கங்களில் எனக்காக உச்சுக்கொட்டுகிறவர்தான் தெரிந்தார், நான் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் எங்களை மனக்கோளாறுகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. கதாசிரியர்கள் பலர் இன்னும் எடுக்கவில்லை.

அண்மையில் வாசித்த ஒரு சிறுகதை வேறு மாதிரி. அதன் நாயகி ஹார்மோன் சிகிச்சை தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தோல் மென்மையாகிவிட்டது, மார்பு வளர்ந்திருக்கிறது, குரல் மட்டும் பழையதுதான். வங்கியிலிருந்து அழைக்கிறவர் 'சார்' என்கிறார். அவள் திருத்தவில்லை. தவணை பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறாள்.

அதற்கு மேல் படிக்க முடியாமல் எழுந்துவிட்டேன். அது நான். பதின்வயதில் டெஸ்டோஸ்டிரோன் தடிக்க வைத்த குரல்நாண்களை ஈஸ்ட்ரோஜன் மறுபடி மெலியவைக்காது; முளைத்துவிட்ட தாடியையும் போக்காது. குரலுக்குப் பயிற்சி, தாடிக்கு லேசர். கதைகளிலோ அறுவை மேசையோடு உடலின் கணக்கு தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு, புதிதாக அமைத்த யோனி சுருங்கிவிடாமல் இருக்க உள்ளே வைக்கும் டைலேட்டரோடு மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த மதியங்களை, சலிப்பைத் தவிர வேறெதுவும் நடக்காத அந்த மதியங்களை, நான் வாசித்த எதிலும் காணவில்லை. ரத்தம் இருந்தால்தான் எழுதுவார்கள் போலும்.

கதையின் பின்பாதியில் ஒரு மூத்த திருநங்கை வருகிறாள். "தொண்டையிலிருந்து பேசாதேடி" என்று அதட்டி, ராகம் போட்டு 'ம்' கொட்டப் பழக்குகிறாள். இருவருக்கும் ஒத்துப்போகாது. அவளுக்கு இவளுடைய படிப்பின் மீது எரிச்சல்; இவளுக்கு அவளுடைய அதிகாரத்தின் மீது. ஆனால் வாடகை வீட்டிலிருந்து இவளைக் கிளப்பிவிட்ட இரவில், கேள்வி கேட்காமல் கதவைத் திறப்பவள் அவள்தான். மறுநாள் காலையே பாத்திரம் கழுவவில்லை என்று திட்டு ஆரம்பமாகிறது.

எனக்கும் அப்படி ஓர் அக்கா உண்டு. நான் மருத்துவமனையிலிருந்து திரும்பிய நாட்களில் பக்கத்திலேயே இருந்து என்னைக் கழுவித் துடைத்தவள். இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறவளும் அவளே. கதையை அவளுக்கு அனுப்பிவைத்தேன். இரவே பதில் வந்துவிட்டது: "கதை நன்றாக இருக்கிறது. அந்தக் கிழவிக்கு மட்டும் ஏன் இவ்வளவு வாய்?"