பென்சில் யார் கையில்?

ஜூலை 6, 2024, சனி

மாணவர்கள் தாங்கள் எழுதியதைக் கொண்டுவந்து பயிற்றுநரோடு உட்கார்ந்து பேசும் இடம் எங்கள் எழுத்து மையம். இன்று அங்கே பயிற்றுநர்கள் கூடிப் படிக்கும் நாள். எழுத்து மையங்களைப் பற்றிய இரண்டு பழைய கட்டுரைகள். மாணவரின் கட்டுரையைத் திருத்துவது நம் வேலையல்ல, எழுதுகிறவரை வளர்ப்பதே வேலை என்பது 1984இல் ஸ்டீபன் நார்த் வைத்த வாதம். 1991இல் ஜெஃப் புரூக்ஸ் அதற்கு வழி சொன்னார்: எதிரே அல்ல, பக்கத்தில் உட்காருங்கள், நீங்கள் வலக்கைக்காரர் என்றால் மாணவரை வலப்பக்கம் உட்காரவையுங்கள், அவர் தாளில் எழுத உங்கள் கை எளிதில் போகாது. வண்ணாரப்பேட்டை மெட்ரோ வரை இதையே பேசிக்கொண்டு நடந்தோம்.

ஜூலை 9, செவ்வாய்

காசிமேட்டு மாணவி ஒருத்தி வந்தாள். மீன்பிடித் தடைக்காலம் பற்றி ஆங்கிலக் கட்டுரை. வலப்பக்கம் உட்காரவைத்து, வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன்கள் இனம் பெருக்க விசைப்படகுகளுக்குத் தடை. தகவலில் பிழையில்லை, ஆனால் ஒரு வரிகூட அவளுடையதாக இல்லை. மூன்றாம் பத்தியில் தானே நிறுத்தினாள்.

"அந்த 61 நாளும் அப்பா வலையைப் பிரித்துப்போட்டுச் சரிசெய்வார், அக்கா. அம்மா கருவாடு விற்பார். இதையும் எழுதலாமா?"

எழுதினாள், முதலில் தமிழில். ஆறே வரி. அழுத்தி எழுதியதில் தாளின் பின்பக்கத்தைத் தடவினால் எழுத்து விரலில் தட்டுப்பட்டது.

பிறகு, அரசு அறிவிப்பை மேற்கோளாக எப்படிக் காட்டுவது என்று கேட்டாள். "நீயே யோசித்துப் பார்" என்றேன். முகம் வாடிவிட்டது. தாளை மடித்துக்கொண்டு கிளம்பினாள்.

ஜூலை 13, சனி

கூட்டத்தில் சொல்லலாமா என்று முன்பே அவளிடம் கேட்டிருந்தேன். பெயர் வேண்டாம், காசிமேடு என்று மட்டும் சொல்லுங்கள் என்றாள்.

முழுவதையும் சொன்னேன், வாடிய முகத்தையும் சேர்த்து. மூத்த பயிற்றுநர் ஒருவர் தயங்காமல் சொன்னார்: மேற்கோள் முறை யோசித்து வருவதல்ல, ஒருவர் காட்டித் தரவேண்டியது. அவள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள். நாம் காட்டாவிட்டால் யார் காட்டுவார்? எதையும் காட்டித் தராமல் மாணவரையே செய்யவிடும் முறையை ஷமூனும் பர்ன்ஸும் 1995இலேயே இப்படி மறுத்து எழுதியிருக்கிறார்கள் என்று அந்தப் பக்கங்களை எடுத்து வைத்தார். அவர் சொன்னதே சரி. வீட்டுக்கு வந்தும் அந்த முகம்தான் கண்ணில் நிற்கிறது.

பதிவேடு பார்க்கும் அக்கா இதுவரை கூட்டத்தில் பேசியதில்லை. இன்று பேசினார். "வாசல் வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற பிள்ளைகள் தினமும் உண்டு. அவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது?"

நாங்கள் படித்த இரண்டு கட்டுரையிலும் அந்தப் பிள்ளைகள் இல்லை. இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்காவும் எங்களோடு உட்காருகிறார், முதலில் அவர்தான் பேசுவார்.

ஜூலை 15, திங்கள்

காசிமேட்டு மாணவி காலையிலேயே வந்துவிட்டாள். மேற்கோள் முறையை என் கையாலேயே ஒன்று எழுதிக் காட்டினேன். அடுத்த மூன்றும் அவள் எழுதினாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆறு வரியும் ஆங்கிலத்துக்கு வந்துவிட்டன. கருவாட்டை மட்டும் மாற்றாமல் கருவாடு என்றே வைத்திருக்கிறாள்.