குற்றவாளி சிக்கலைன்னாலும் இழப்பீடு கேக்கலாம்

எங்க தெருவுல ஒரு அக்காவை வெட்டிட்டு ஓடுனவன் இன்னும் சிக்கல. அக்காவோட அம்மா மருந்து பில்லையெல்லாம் மஞ்சப்பையில கட்டி வச்சுக்கிட்டு, கேஸ் முடிஞ்சாதான் காசு வரும்னு உக்காந்திருக்காங்க, யாரோ அப்படி சொல்லி வச்சிருக்காங்க, கேக்கவே வயிறு எரியுது.

அப்படி இல்லைங்க. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 2009 கடைசியில அமலுக்கு வந்த 357ஏ பிரிவுதான் இதுக்கு வழி பண்ணுச்சு, இப்போ அந்தச் சட்டத்துக்குப் பதிலா வந்திருக்கிற பிஎன்எஸ்எஸ்ல அது 396. ஆளே யாருன்னு தெரியாம கேஸ் கோர்ட்டுக்குப் போகலைன்னாலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல மனு கொடுக்கலாம், ரெண்டு மாசத்துல விசாரிச்சு முடிக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. ஆஸ்பத்திரி செலவுக்கு அவசரம்னா இடைக்கால நிவாரணமும் கேக்கலாம்.

ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்டவங்களுக்கு குறைஞ்சது 3 லட்சம், அதுல 1 லட்சம் 15 நாளுக்குள்ளன்னு 2013லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. பெண்களுக்கான 2018 இழப்பீட்டுத் திட்டத்துல, ஆசிட்ல முகம் சிதைஞ்சு போயிருந்தா 7 லட்சத்துல இருந்து 8 லட்சம் வரைக்கும்.

இவ்வளவு இருந்தும் எஃப்ஐஆர் போடுற இடத்துல இதை யாரும் வாயத் திறந்து சொல்றதில்ல, அதுதான் எனக்கு ஆத்திரம். எஃப்ஐஆர் காப்பி, டாக்டர் ரிப்போர்ட், பில்லு எல்லாம் பத்திரமா வைங்க. வக்கீலுக்கு காசில்லைன்னா 15100க்கு போன் போடுங்க, இலவச சட்ட உதவி நம்பர்.