எட்டு முறை மறந்த எனர்வேட்

எனர்வேட் (enervate) என்ற ஆங்கிலச் சொல் ஒருவழியாக மனதில் தங்கிவிட்டது! நேற்று, மனப்பாட அட்டைகளை இடைவெளி விட்டு விட்டுக் கேட்கும் ஆன்கி செயலி 21 நாள் கழித்துக் கேட்டபோது, யோசிக்காமலேயே பொருள் வந்தது. ஆறு மாதமாகக் கைக்குச் சிக்காமல் இருந்த சொல் இது. 8 முறை மறந்தால் ஆன்கி அட்டைக்கு லீச், அதாவது நேரத்தை உறிஞ்சுவது, என்று முத்திரை குத்துமே, அதையும் வாங்கிவிட்டது.

சிக்கல் அதன் ஒலியில்தான். எனர்வேட் என்றதும் காதில் எனர்ஜி விழுகிறது. தெம்பூட்டுவது என்றே தோன்றும். பொருளோ நேர் எதிர், தெம்பை உறிஞ்சுவது. அட்டையின் பின்பக்கம் 'வலுவிழக்கச் செய்' என்று சிவப்பில் எழுதினேன், படம் ஒட்டினேன். எதுவும் நிற்கவில்லை. அப்புறம் வேரைத் தேடிப் போனேன். லத்தீனில் நெர்வுஸ் என்றால் தசைநாண், நரம்பு. முன்னால் இருக்கும் 'எ' வெளியே எடுப்பதைக் குறிக்கும். ஆக, நரம்பை உருவிவிடுவது. நாம் 'நரம்பு தளர்ந்துபோச்சு' என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான்!

உடனே அட்டையைத் திருத்தினேன். இப்போது முன்பக்கத்தில் சென்னையின் மே மாத வெயிலைப் பற்றி ஓர் ஆங்கில வாக்கியம், ஹீட் என்ற சொல்லுக்கு முன் ஒரு கோடிட்ட இடம். எனர்வேட்டிங் ஹீட் என்று அவை ஜோடியாக வருவது வழக்கம். அதன்பின் ஒருமுறைகூடத் தவறவில்லை. வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வுக்கென்று காசு கொடுத்து வாங்கிய அட்டைக்கட்டில் வாக்கியமே கிடையாது, ஒற்றைச் சொல்லில் பொருள் மட்டும். அந்தப் பணத்தை நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

வேருக்குக் கைகொடுத்தது, சென்ட்ரல் பக்கம் பழைய புத்தகக் கடையில் கிடைத்த சொற்பிறப்பு அகராதி. முதல் சில பக்கங்கள் இல்லை, ஆனாலும் தங்கம். கட்டுமரம் கேட்டமரான் ஆனது, சுருட்டு செரூட் ஆனது, மிளகுத்தண்ணீர் மல்லிகாடானி ஆனது எல்லாம் அதில் இருக்கிறது. தமிழிலிருந்து போன சொற்களுக்கு ஒரு தனிக்கட்டு போட வேண்டும்.

அதற்குமுன் இன்ஜீனியஸும் (ingenious, சாமர்த்தியமான) இன்ஜென்யுவஸும் (ingenuous, கபடமற்ற) பாக்கி. இரண்டையும் ஒரே வாரத்தில் சேர்த்தது தப்பு, ஒன்றை ஒன்று விழுங்குகிறது. இன்ஜென்யுவஸை நிறுத்திவைத்துவிட்டு, தலையங்கங்களில் அடிக்கடி கண்ணில் படும் டிஸ்இன்ஜென்யுவஸை முதலில் எடுத்திருக்கிறேன். அது கபடம், டிஸ்ஸைக் கழற்றினால் கபடமின்மை. அட்டை இன்று காலைதான் எழுதினேன், நாளை மறுபடி கேட்கும்.