இரண்டு கற்கள்

ரங்கூனில், பயின்நௌங் சந்தைப் பக்கம், ஒரு உளுந்து கிட்டங்கியில் 11 வருஷம் கணக்கெழுதினேன். மாசி, பங்குனியில் லாரி லாரியாக மூட்டை இறங்கும். பெரும்பாலும் இந்தியாவுக்குப் போகிற சரக்கு. தராசுக்காரர் கல்லைப் போட்டு எடையைக் கூவுவார், நான் எழுதுவேன். எல்லாம் வீசைக் கணக்கு. ஒரு வீசைக்கு 100 டிக்கல், சுமார் 1.63 கிலோ. ஊரில் கிலோ வந்து விரட்டிவிட்ட வீசை இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

என் கூட்டலில் ஒரு பியா, அதாவது ஒரு பர்மியச் சல்லிக்காசு, தவறாது. சர்ச்சில் எழுந்து, கர்த்தர் என்னை நடத்தினதைச் சாட்சியாகச் சொல்லும்போதுகூட அதைச் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஏனென்றால் கிட்டங்கியில் பத்து வீசைக் கல் இரண்டு இருந்தது. விற்க ஒன்று, வாங்க ஒன்று. வாங்குகிற கல்லின் அடியில் ஈயம் ஊற்றியிருந்தார்கள். 20 டிக்கல் கூடுதல். மூட்டைக்கு ஒரு தடவை அந்தக் கல் விழும். 200 மூட்டைக்கு 40 வீசை, அதாவது 65 கிலோ உளுந்து, சும்மா வரும். பைக்குள் பெரிதும் சிறிதுமாக இரண்டு நிறைகல் வைக்காதே என்று வேதாகமத்தில் உபாகமம் 25-இல் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் கல்லைத் தொட்டது நானில்லையே, எழுதினது மட்டும்தானே?

ஒரு மத்தியானம் சாப்பாட்டு வேளையில், மூட்டை தூக்கும் பர்மியப் பெரியவர் என் மேசையில் இருந்த பர்மிய வேதத்தைப் புரட்டினார். 1813-இல் ரங்கூனில் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரி ஜட்சன் மொழிபெயர்த்து, 1840-இல் திருத்திய பதிப்பாக அச்சேறிய மொழிபெயர்ப்பு. மலைப்பிரசங்கத்தில், நீதியின்மேல் பசிதாகம் என்று நாம் படிக்கிற இடத்தில் அவர் விரல் நின்றது. அங்கே நீதிக்கு ‘ப்யௌங்மத்’ என்று இருக்கிறது. ‘ப்யௌங்’ என்றால் நேரானது.

“ஐயா, தராசுக்கோல் நேராக நிற்குமே, அப்படியா?” என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். நான் டிபன் கேரியரை மூடினேன்.

நீதி என்றாலே எனக்குக் கோர்ட்டும் தீர்ப்பும்தான் ஞாபகம் வரும். தப்பு என் பேரில் இல்லையென்றால் நான் நீதிமான், அவ்வளவுதான். ஆனால் ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்கிறார் பவுல், ரோமருக்கு எழுதின நிருபத்தில். கணக்குப்பிள்ளைக்கு இது புரியாமல் போகுமா? உழைக்காதவன் பேரில் விழுந்த வரவு அது. கூலி என்றால் கடனாகத் தர வேண்டியது. இது கிருபையாக வந்தது. நானோ என் சுத்தமான கூட்டலைக் காட்டி, கர்த்தரிடம் கூலி கேட்டுக்கொண்டிருந்தேன்.

வரவு இலவசம்தான், சரி. அதற்காகக் கல் தானாக நேராகிவிடுமா? இயேசு, வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவின் வீட்டுக்குப் போனது அவன் எதையும் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால்தான். அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்ற வார்த்தை அதற்கு அப்புறம் அவன் வாயில் வந்தது. இந்த வரிசையை நான் தலைகீழாகப் படித்திருந்தேன்.

முதலாளியிடம் சொன்னேன். “தம்பி, சாமியாராகிட்டீங்களா?” என்று சிரித்தார். அந்த மாசக் கடைசியில் வேலையை விட்டேன். பெரிய வீரம் ஒன்றும் இல்லை; இன்னொரு இடம் பார்த்துவைத்துக்கொண்டுதான் விட்டேன்.

நாலத்தனைக்கெல்லாம் என் சம்பளம் காணாது. பெகு பக்கத்திலிருந்து சரக்கு கொண்டுவரும் ஒருவரை மட்டும் தேடிப் பிடித்து, கடைசி வருஷத்து 40 வீசைக்கான பணத்தைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். கட்டிப்பிடிப்பார், கண் கலங்குவார் என்று மனசில் ஒரு படம் ஓடியிருந்தது. அவர் நோட்டை இரண்டு தடவை எண்ணி, லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டார்.

“இது ஒரு வருஷத்துக்கு. அதற்கு முந்தினது?” என்றார்.

பேனாவை எடுத்தேன்.