ஒரு நிமிடத்தில் சொன்ன பதில்

"ஆனர்ஸ் வாங்குறது அவ்வளவு முக்கியமா அக்கா?" என்று அவள் கேட்டபோது நான் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். யோசிக்கவே இல்லை. "பத்து வருஷமா வேலை பார்க்கிறேன், ஒருத்தர்கூட என் சர்டிஃபிகேட்டைத் திருப்பிப் பார்த்ததில்லை. அதை விட்டுட்டு வேலையைக் கத்துக்கோ" என்றேன். "சரிக்கா" என்றாள். அடுத்த வாரமே ஆய்வேட்டிலிருந்து விலகிவிட்டாள்.

இரண்டு வருடம் ஆகப்போகிறது. அந்த ஒரு நிமிடம் இன்னும் உறுத்துகிறது.

அப்போது அவள் எங்களிடம் இன்டர்ன், படிப்பில் கடைசி வருடம். மதிப்பெண்ணில் குறையே இல்லை. ஆனர்ஸோடு பட்டம் வாங்க, கூடுதலாக ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். எட்டு மாத வேலை. எழுதாவிட்டாலும் பட்டம் உண்டு, நல்ல வகுப்பும் உண்டு, அந்த ஒரு சொல் மட்டும் இருக்காது. அதற்காக எட்டு மாதமா என்று கேட்பதில் தவறே இல்லை.

நான் பொய் சொல்லவில்லை. யாரும் என் சான்றிதழைப் பார்த்ததில்லை என்பது உண்மை. அப்புறம் மனம் கேட்காமல், நான் சொன்னதற்குத் துணை தேடிப் படித்தேன். துணையும் கிடைத்தது. கூகுளில் ஆட்களை எடுக்கும் பொறுப்பில் இருந்த லாஸ்லோ பாக் 2013-ல் ஒரு பேட்டியில், மதிப்பெண்ணை வைத்து ஆளை எடுப்பதில் பயனில்லை என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2015-ல் கணக்குத் தணிக்கை நிறுவனமான ஈஒய் பிரிட்டனில், வேலைக்கு வருபவர் இன்ன வகுப்பில் தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையே எடுத்துவிட்டது. மதிப்பெண்ணுக்கும் வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 1996-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, படித்து முடித்து வருடங்கள் ஆக ஆக அந்தத் தொடர்பு தேய்ந்துபோகிறது என்கிறது.

நிம்மதியாகத்தான் இருந்தது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. பாக் ஒரு விலக்கையும் சேர்த்தே சொல்லியிருந்தார்: புதிதாகப் படித்து முடித்தவர்கள் விஷயத்தில் மட்டும் லேசான தொடர்பு இருக்கிறது. அந்த 1996 கட்டுரையிலும் தொடர்பு வலுவாக இருந்தது பட்டம் வாங்கிய முதல் வருடத்தில்தான். என்னிடம் கேட்டவள் அந்த முதல் வருடத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் பத்தாவது வருடத்திலிருந்து பதில் சொன்னேன்.

அதைவிட, என் முதல் நேர்காணலை நான் எப்படி மறந்தேன் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. என் ஆய்வேட்டில் ஒரு கருத்துக்கணிப்பின் பதில்களைத் தொகுத்து ஓர் அட்டவணை போட்டிருந்தேன். வழிகாட்டி அதன் ஓரத்தில் பென்சிலால் நாலே சொல் எழுதித் திருப்பித் தந்தார்: "இது உனக்கு எப்படித் தெரியும்?" பதில் எழுதாமல் விட்டவர்களை எல்லாம் 'இல்லை' என்று சொன்னவர்களோடு சேர்த்து எண்ணியிருந்தேன். படிவங்களை மறுபடி ஒவ்வொன்றாகப் புரட்டி, பிரித்து எண்ணி முடிக்க மூன்று வாரம் ஆனது. முடிவே மாறிப்போனது. நேர்காணலில் என்னிடம் அரை மணி நேரம் இதைப் பற்றித்தான் கேட்டார்கள். சான்றிதழை அவர்கள் பார்க்கவில்லை, சரி. ஆனால் அந்த அறைக்குள் என்னைக் கூப்பிட்டதே விண்ணப்பத்தில் இருந்த ஆனர்ஸ் என்ற சொல்லைப் பார்த்துத்தானோ என்னவோ. உள்ளே போனபின் பேச எனக்கு ஒன்று இருந்ததும் அந்த எட்டு மாதத்தால்தான்.

அவள் கேட்டது உழைப்பைப் பற்றி. நான் பதில் சொன்னது காகிதத்தைப் பற்றி.

மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-ல் எழுதிய கட்டுரையைப் பாடத்தில் படித்திருக்கிறேன். 2001-ல் பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். வேலைக்கு எடுப்பவருக்கு வந்தவரைத் தெரியாது. எல்லோராலும் சுலபமாக வாங்கிவிட முடியாத ஒன்று வந்தவர் கையில் இருந்தால், அதையே திறமையின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார். படிப்பு எதையும் கற்றுத் தராவிட்டால்கூட இந்த அடையாளம் வேலை செய்யும் என்பதுதான் ஸ்பென்ஸின் வாதம். அப்படியென்றால் அடையாளம் மலிந்தால்? இங்கிலாந்தில் முதல் வகுப்பில் தேறியவர்கள் 2010-11-ல் 15.7 சதவீதம், 2020-21-ல் 37.9 சதவீதம். இவ்வளவு பேர் கையில் இருந்தால் அதற்கு என்ன மதிப்பு என்று எனக்குச் சாதகமாக ஒரு நாள் நினைத்தேன். மறுநாளே அது திரும்பிக்கொண்டது. இத்தனை பேரிடம் இருக்கும்போது இல்லாதவர்தானே கண்ணில் படுவார்? இதற்கு விடை என்னிடம் இல்லை.

போன வருடம் அவள் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தாள். பரிந்துரைக் கடிதம் கேட்டாள், சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். படிவத்தில் ஒரு கட்டம்: 'மாணவர் நீண்ட காலம் தனித்துச் செய்த பணியை விவரிக்கவும்.' அந்தக் கட்டத்தின் முன் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். எங்களிடம் அவள் நன்றாக வேலை செய்தாள். ஒரே வாடிக்கையாளர் இரண்டு மூன்று முறை பதிவாகியிருந்ததை, யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துச் சரிசெய்தாள். எல்லாம் ஒரு வாரம், பத்து நாள் வேலைகள். ஓர் இன்டர்னுக்கு அதற்கு மேல் நாங்கள் தரவும் இல்லை. அந்தப் பதிவுகளின் கதையைத்தான் எழுதினேன். எழுதியது ஒவ்வொன்றும் உண்மை. கட்டத்தில் பாதி காலியாகவே இருந்தது.

இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. ஆய்வேடு இருந்திருந்தால் கிடைத்திருக்குமா? தெரியாது. உதவித்தொகைக்குப் போட்டி போட்டவர்கள் எத்தனை பேரோ. இப்போது வேலை பார்த்துக்கொண்டே பணம் சேர்க்கிறாள். அந்த எட்டு மாதம் எங்களிடம் கற்றதால்தான் இந்த வேலை உடனே கிடைத்தது என்கிறாள். அவள் சொல்வது பொய்யாக இருக்காது. "நீங்க அன்னிக்கு சொன்னது சரிதான்க்கா" என்று போனில் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அவள் கேட்ட அந்த வாரம் எங்கள் ரிலீஸுக்கு ஆறு வாரம்தான் இருந்தது. தரவைச் சுத்தம் செய்யும் வேலை முழுக்க அவள் கையில். ஆய்வேடு எழுதப் போனால் வாரத்தில் மூன்று நாள் வரமாட்டாள். பதில் சொன்னபோது இது என் மனதில் இருந்ததா? இல்லை என்றுதான் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று காலைதான் வேலைப்பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே ஐந்து நாளையும் நிரப்பியிருந்தேன்.

போனில் அதைச் சொல்லியிருக்கலாம். "அப்படியாம்மா, சந்தோஷம்" என்று மட்டும் சொன்னேன்.